ஒரு சனிக்கிழமைப் பட்டமளிப்பு: வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழகங்கள் பட்டமளிப்பு விழாத் தேதிகளை அறிவிக்கும் பருவம் இது. ஆகவே இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தம்முடைய பட்டத்தைத் தாமே போய் வாங்கலாமா, வார இறுதிக்குள் போய்த் திரும்ப முடியுமா என்பதைச் சுற்றியே இருந்தன. வேறு பொருள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவுசெய்து முனைவர் பட்ட ஆய்வை முடித்தேன். பட்டமளிப்பு விழா ஒரு சனிக்கிழமை நடக்கிறது. திங்கட்கிழமை காலை நான் வகுப்பில் இருந்தாக வேண்டும். "சான்றிதழ் எப்படியும் தபாலில் வரப்போகிறது, அரை நிமிடம் மேடையில் நிற்பதற்காக இரண்டு இரவு ரயிலில் கிடக்க வேண்டுமா?" என்கிறார் கணவர். எழுபது வயதான அம்மா உடன்வர ஆசைப்படுகிறார். போகலாமா? போனால் எப்படித் திட்டமிடுவது? (வாசகி, ஓசூர்)

பதில்: போங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. மேடையில் நீங்கள் நிற்கப்போவது அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் பகுதிநேர ஆய்வாளரின் நிலையை அவர் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பு முடிந்த மாலைகளிலும் கோடை விடுமுறையிலும் செய்த வேலை அது. ஆய்வுக் குழுக் கூட்டம், ஆய்வுச் சுருக்கம் ஒப்படைத்தல், புறத்தேர்வாளர்களின் அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருத்தல் என அதில் எதையுமே வீட்டார் கண்ணால் பார்க்க வாய்ப்பில்லை. உண்மையான முடிவு பொது வாய்மொழித் தேர்வில்தான் ஏற்பட்டது. பெயரில் 'பொது' என்று இருந்தாலும், அது துறையின் ஓர் அறையில் நெறியாளர், தேர்வாளர், சில மாணவர்கள் முன்னிலையில் நடந்து, தேநீரும் சமோசாவும் வழங்கப்பட்டு முடிந்திருக்கும். இத்தனை ஆண்டு உழைப்பில் உங்கள் அம்மா நேரில் பார்க்கக்கூடிய ஒரே நிகழ்ச்சி இந்தப் பட்டமளிப்பு விழாதான். அவர் வர ஆசைப்படாதிருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கலாம்.

இனித் திட்டத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். ஓசூர் வழியாகச் செல்லும் பெங்களூரு – நாகர்கோவில் இரவு வண்டி உங்களைச் சனிக்கிழமை விடியலில் நெல்லையில் இறக்கிவிடும் என்பது காகிதத்தில் அழகாகத்தான் தெரியும். ஆனால் விழா பத்து மணிக்கு என்றால் பட்டம் பெறுவோர் எட்டு மணிக்கு முன்பே அரங்கில் இருக்க வேண்டும் என்று சொல்வது வழக்கம். அங்கி வழங்குவதையும் ஒத்திகையையும் முதல்நாளே வைக்கும் பல்கலைக்கழகங்கள் பல. வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் எல்லாம் போயிற்று. வியாழக்கிழமை இரவே புறப்பட்டு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அங்கியை வாங்குவது, பதிவேட்டில் கையொப்பமிடுவது, அம்மாவுக்கான நுழைவுச் சீட்டைப் பெறுவது ஆகிய மூன்றையும் முடித்துவிட்டால் மறுநாள் நிம்மதி. சனிக்கிழமை இரவு ரயில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓய்வெடுக்கலாம்.

பயணச்சீட்டில் ஒரு சிக்கல் உண்டு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. விழாத் தேதியோ வேந்தரின் வசதியைப் பொறுத்து அமைவதால், பெரும்பாலும் அதற்குள் அறிவிக்கப்படுவதில்லை. தேதி தெரியவரும்போது காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சியிருக்கும். தட்கல் முன்பதிவு, வண்டி புறப்படும் நாளுக்கு முதல்நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், சாதாரணப் படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; கீழ்ப்படுக்கைக்கான தனி ஒதுக்கீடு மட்டும் நீடிக்கிறது. எனவே பொது ஒதுக்கீட்டில் இடம் இருக்கும்போதே அம்மாவின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பல்கலைக்கழகம் நகருக்குள் இல்லை. ஊருக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. விடியலில் வண்டி தேடி அலையாமல் முதல்நாள் இரவே ஆட்டோவோ டாக்சியோ பேசி வைத்துவிடுங்கள். அம்மா காலை உணவையும் மாத்திரையையும் முடித்துக்கொண்டே கிளம்பட்டும், ஏனெனில் அரங்குக்குள் போனபின் மூன்று மணி நேரத்துக்கு வெளியே வருவது எளிதன்று. கைப்பை, கைபேசி, தண்ணீர்ப் பாட்டில் ஆகியவற்றைப் பாதுகாப்புக் காரணம் காட்டி வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். பட்டம் பெறுவோருக்கும் பார்வையாளருக்கும் தனித்தனிப் பகுதி என்பதால், நீங்கள் ஓர் ஓரத்திலும் அம்மா வேறோர் ஓரத்திலும் இருப்பீர்கள். விழா முடிந்ததும் கூட்டம் ஒரேயடியாக வெளியே வரும். எந்த வாசலில், எந்த மரத்தடியில் சந்திப்பது என்று அம்மாவிடம் முன்கூட்டியே இடத்தைக் காட்டி வைத்துவிடுங்கள். அவருக்குத் துணையாக ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லது. உங்கள் கணவரை ரயில் ஏற்றுவதற்கு இதைவிடத் தகுந்த காரணம் கிடைக்காது. இரண்டாவது நுழைவுச் சீட்டுக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கழுத்தைச் சுற்றி முதுகில் தொங்கவிடும் வண்ணத் துணிக்கு 'ஹூட்' என்று பெயர். அதன் முன்பகுதியில் சிறு நாடா ஒன்று இருக்கும். ஆண்கள் அதைச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்வார்கள். சேலைக்குப் பொத்தான் இல்லை. பின்பக்கக் கனம் இழுக்க இழுக்க, மேடை ஏறும் நேரத்தில் ஹூட் தொண்டையை நெரித்துக்கொண்டு நிற்கும். ஒரு கையால் அதை இழுத்துவிட்டுக்கொண்டே மறு கையால் பட்டம் வாங்கும் பெண்களை எல்லா விழாக்களிலும் பார்க்கலாம். நான்கைந்து ஊக்குகளைக் கொண்டுபோய், இரு தோள்களிலும் ரவிக்கையோடு சேர்த்துக் குத்திக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலிக்காரரும் கேட்பார், கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

விழா தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கும். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டு, 55 விநாடிகளில் பாடப்பட வேண்டும் என்று வரையறுக்கப்பட்ட அந்தப் பாடலை, 1891ஆம் ஆண்டு தம் நாடக நூலின் தொடக்கத்தில் எழுதியவர் யாரோ, அவர் பெயரைத் தாங்கிய வளாகத்தில்தான் நீங்கள் அப்போது எழுந்து நிற்பீர்கள். மேடையில் தரப்படும் கோப்புக்குள் சான்றிதழ் இல்லாவிட்டால் பதறாதீர்கள். அசலைப் பிறகு முகப்பில் (கவுண்டரில்) கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதிகாரபூர்வ ஒளிப்படக்காரரிடம் படத்துக்குப் பணம் கட்டிவிட்டே வெளியேறுங்கள், ஏனெனில் நீங்கள் பட்டம் வாங்கும் கணத்துக்கு வேறு படம் கிடையாது. சனிக்கிழமை மாலை ரயிலுக்கு முன் நேரம் இருந்தால், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை வரிசையில் நிற்கும் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படையுங்கள். அரை நிமிடம் மேடையில் நிற்பதைக் குறைசொன்னவருக்கு அது பொருத்தமான வேலை.

கேள்வி: நேரில் போகாவிட்டால் பட்டத்தின் மதிப்புக் குறையுமா? சான்றிதழில் 'வரவில்லை' என்று ஏதாவது குறிப்பார்களா? (வாசகர், திருச்சி)

பதில்: குறையாது, சான்றிதழிலும் வேறுபாடு இராது. பட்டமளிப்பு விழா என்பது பரிசளிப்பு விழாவைப் போன்றதன்று. விதிப்படி கூட்டப்பட்டு, தொடங்குவதாக அறிவிக்கப்பட்டு, முடிவதாக அறிவிக்கப்படும் ஒரு முறையான கூட்டம் அது. தகுதி பெற்றவர்களின் பட்டியலை ஆட்சிக்குழு முன்பே ஏற்றிருக்கும். விழாவில் அந்தப் பட்டியலில் உள்ள அனைவருக்கும், வந்தவர்களோடு வராதவர்களுக்கும் சேர்த்தே, பட்டம் வழங்கப்படுகிறது. நீங்கள் அந்நேரம் திருச்சியில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தாலும் அந்த நிமிடத்திலேயே பட்டதாரி ஆகிவிடுகிறீர்கள்.

விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவதுதான் தவறு. நேரில் வருவதானாலும் வராததானாலும் குறித்த தேதிக்குள் விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தியாக வேண்டும். பலர் தற்காலிகச் சான்றிதழோடு நின்றுவிட்டு, வெளிநாட்டு வேலை அமையும்போதுதான் பட்டச் சான்றிதழைத் தேடுகிறார்கள். விண்ணப்பத்தில் எழுதிய முகவரியில் இப்போது நீங்கள் இல்லையென்றால் உடனே தெரிவியுங்கள். தேர்ச்சிக்குரிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு விதி. நடைமுறை எப்போதும் அதை எட்டிப் பிடிப்பதில்லை. டிஜிலாக்கரில் பல்கலைக்கழகம் பதிவேற்றிய பட்டத்தைச் செல்லத்தக்க ஆவணமாக ஏற்கவேண்டும் என்று அதே குழு 2022இல் கேட்டுக்கொண்டிருக்கிறது. தபால் வரும்வரை அது உதவும்.

கேள்வி: கல்லூரியில் நல்ல மதிப்பெண்ணோடு பி.ஏ. முடித்தேன். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பு வரவில்லையே, ஏன்? (வாசகி, புதுக்கோட்டை)

பதில்: இணைப்புக் கல்லூரி மாணவர்களின் எண்ணிக்கை ஓர் அரங்கில் அடங்கக்கூடியதன்று. அதனால் முனைவர் பட்டம் பெறுவோரையும் பல்கலைக்கழக அளவில் பதக்கமும் தரவரிசையும் பெற்றவர்களையும் மட்டும் பல்கலைக்கழக மேடைக்கு அழைத்து, மற்றவர்களுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே விழா நடத்துவது நம் மாநிலத்தில் பரவலான ஏற்பாடு. உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். கல்லூரி விழாவைக் குறைவாக எண்ண வேண்டாம். உங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் முன்வரிசையில் இருப்பது அங்கேதான்.

கேள்வி: இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி வேலையில் சேர்ந்துவிட்டேன். ஜூலையில் பட்டமளிப்பு. வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறி, விழாவை முடித்துக்கொண்டு திங்கட்கிழமை திரும்பிவிடலாம் என்று தோன்றுகிறது. கல்விக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. தம் பட்டத்தை வாங்குவதற்காகக் கடல் கடந்து போய் வருவது எவரும் செய்யாத பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள் நண்பர்கள். (வாசகர், சென்னை)

பதில்: கடன் இருக்கும்போது வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மாணவர் விசா முடிந்திருந்தால் பார்வையாளர் விசா புதிதாக எடுக்க வேண்டும். விரல்ரேகைப் பதிவுக்குப் பிறகு முடிவு தெரியச் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும் என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. அதற்குமேல் விமானக் கட்டணம், விடுதி, அங்கி வாடகை. 1689இல் தொடங்கிய ஈட் அண்ட் ரேவன்ஸ்கிராஃப்ட் போன்ற பழம்பெரும் நிறுவனங்கள் அங்கே அங்கியை நாள் வாடகைக்குத்தான் தருகின்றன. விருந்தினர் சீட்டும் பெரும்பாலும் இரண்டுக்கு மேல் கிடைக்காது. உங்கள் அப்பா அம்மா இல்லாமல் நீங்கள் மட்டும் போய் நின்று, உடன் படித்தவர்களில் பாதிப்பேர் வேறு நாடுகளுக்குப் போய்விட்டதைப் பார்த்துவிட்டு வருவதற்காக இவ்வளவு செலவிடத் தேவையில்லை. அடுத்த விழாவுக்குத் தள்ளிவைக்க அனுமதிக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. அந்த வசதி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்தபின் பெற்றோரோடு போகலாம்.

ஆனால் 'எவரும் செய்யாத' என்று நண்பர்கள் சொல்வதை நான் ஒப்ப மாட்டேன். அதே இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களை விரிவுரை கேட்கவும் தேர்வு எழுதவும் அனுமதித்தன. தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பட்டம் மட்டும் தர மறுத்தன. அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1904இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. இந்த மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் இடையே ஒருவர் பட்டத்தை மற்றவர் ஏற்கும் பழைய வழக்கம் இருந்ததால், அவ்விரு இடங்களிலும் தேறிய பெண்கள் டப்ளினுக்கு வந்து பட்டம் பெறலாம் என்றாயிற்று. 1904 முதல் 1907 வரை ஏறத்தாழ எழுநூறு பெண்கள் நீராவிக் கப்பலேறி ஐரிஷ் கடலைக் கடந்து, டப்ளினில் அங்கி அணிந்து, தாம் ஒருநாள்கூடப் படித்திராத கல்லூரியிடமிருந்து தம் பட்டத்தைப் பெற்றுத் திரும்பினார்கள். 'நீராவிக் கப்பல் பெண்மணிகள்' என்றே அவர்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவர்களில் பலர் ஆசிரியைகள், பெண்கள் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள். பெயருக்குப் பின்னால் பட்டம் இருப்பது அவர்களுக்குப் பிழைப்போடும் பதவியோடும் தொடர்புடைய செய்தி. அவர்கள் கட்டிய கட்டணத்தைக் கொண்டு டிரினிட்டி தன் மாணவியருக்கு விடுதி அமைத்தது. ஆக்ஸ்போர்டு 1920இலும் கேம்பிரிட்ஜ் 1948இலும்தான் பெண்களுக்கு முழு உரிமையோடு பட்டம் அளித்தன. கல்கத்தாப் பல்கலைக்கழகமோ காதம்பினி பாசு, சந்திரமுகி பாசு இருவருக்கும் 1883ஆம் ஆண்டிலேயே பி.ஏ. பட்டம் வழங்கிவிட்டது.

அப்பெண்கள் போகாவிட்டால் அவர்களுக்குப் பட்டமே இல்லை. உங்களுக்கோ சான்றிதழ் வீட்டு வாசலுக்கே வருகிறது. கப்பலேறிய நியாயம் அவர்களிடம் இருந்தது. விமானம் ஏறும் நியாயம் இப்போது உங்களிடம் இல்லை.

கேள்வி: சித்திரை வெயிலில் கறுப்பு அங்கி எதற்கு? வெள்ளைக்காரன் போய் இத்தனை ஆண்டாகியும் இதை விடமாட்டோமா? (வாசகர், மதுரை)

பதில்: கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் நிறுவப்பட்டன. தேர்வு முறையோடு உடையும் கப்பலேறி வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கல்வி திருச்சபையைச் சார்ந்திருந்ததால் மாணவரும் ஆசிரியரும் பாதிரிமார் போலவே நீண்ட அங்கி அணிந்தார்கள். குளிர்ந்த கல் கட்டடங்களில் அது தேவையாகவும் இருந்தது. சென்னையின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை ஆகிய இரு யாழ்ப்பாணத் தமிழர் காலத்திலிருந்து இன்றுவரை கடற்கரை வெக்கை ஒன்றும் மாறிவிடவில்லை.

எதிர்ப்பும் புதிதன்று. 2010 ஏப்ரலில் போபாலில் நடந்த இந்திய வன மேலாண்மை நிறுவனப் பட்டமளிப்பில், அப்போதைய ஒன்றிய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றி, இது காலனிக் காலத்து எச்சம் என்றார். 2019இல் மானியக் குழு, விழா உடைகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அதன்பின் அங்கவஸ்திரம், கைத்தறிச் சால்வை என்று மாறிய இடங்கள் உண்டு.

கைத்தறிக்கே என் வாக்கு. ஆயினும் அங்கியின் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபதாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலையையும் ஐந்நூறு ரூபாய்ப் பருத்திச் சேலையையும் அது ஒன்றுபோல மூடிவிடுகிறது. சால்வைக்கு அந்த வேலை தெரியாது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இன்னும் அங்கிதான் என்றால் உள்ளே மெல்லிய பருத்தி உடுத்துங்கள். பட்டும் கோட்டும் படம் எடுக்கும்போது வெளியே தெரியப்போவதில்லை.

கேள்வி: மகன் பட்டம் வாங்கும்போது பார்வையாளர் பகுதியிலிருந்து விசில் அடிக்கலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: பெயர் வாசித்து முடிந்தபின் கைதட்டுங்கள். விசில் அடித்தால் அடுத்த பிள்ளையின் பெயர் அதன் பெற்றோருக்குக் கேட்காமல் போய்விடும்.

கேள்வி: விழாவுக்குப் போய்ச் சான்றிதழை வாங்கியதும் செய்ய வேண்டியது என்ன? வளைகுடா நாட்டில் வேலைக்கு முயல்கிறேன். (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: முகப்பை விட்டு நகரும் முன்னே பெயரைப் படியுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். ழகர ளகரத்திலும் ணகர னகரத்திலும் பிழை ஒளிந்துகொள்ளும். நம் ஊரில் தலைப்பெழுத்தால் வரும் தொல்லை தனி. கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுமையாக விரிந்திருக்க, பட்டத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கும். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அயல்நாட்டில் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். பொதுவாகப் பள்ளி மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே பட்டத்திலும் பெயர் அச்சாகும் என்பதால், மாற்றம் வேண்டுமானால் பட்டமளிப்பு விண்ணப்பம் போடும் முன்பே அதற்கான வழியைக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். அச்சாகிக் கையொப்பமான பிறகு திருத்துவதற்கு அசலைத் திருப்பிக் கொடுத்து, கட்டணம் கட்டி, மீண்டும் காத்திருக்க வேண்டியிருக்கும். அச்சுப் பிழை அவர்களுடையதாக இருந்தால் அன்றே அந்த முகப்பிலேயே எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

போகும்போதே கெட்டி அட்டையுள்ள நெகிழிக் கோப்பு ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். சுருட்டிக் குழலில் போட்டுக் கொண்டுவந்தால் பிறகு தட்டையாகப் படியாது. ஊர் திரும்பியதும் அக்கறையுள்ள உறவினர் யாராவது லேமினேட் செய்துவிடுவார்கள். அதைத் தடுப்பதுதான் முதல் வேலை. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான முத்திரையும் ஒட்டுச்சீட்டும் அசல் சான்றிதழின் பின்புறத்தில் இடப்படுபவை, நெகிழி உறைக்குமேல் இட மாட்டார்கள். ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் தூதரகச் சான்றளிப்பு இல்லாமலே ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லாததால் அங்கே செல்வோருக்குத் தூதரகச் சான்றளிப்பு தனியே வேண்டும். உங்களுக்கு வேலை எந்த நாட்டில் என்பது உறுதியானபின் அதற்குரிய வழியில் மட்டும் பணம் கட்டுங்கள்.